மெத்தைக் கிளப்பின் தோல் டாக்டர்

ஜூன் 11

குழாய் ரிப்பேர்காரர் இன்றும் வரவில்லை. அடியில் வாளி வைத்திருக்கிறேன்.

கிளினிக்கில் கடைசி ஆளாக மெத்தைக் கடைக்காரர் வந்தார். கடைத்தெருவில் மூன்று மாடிக்கு மெத்தை அடுக்கி விற்பவர். கழுத்தில் அரிப்பு. பஞ்சுத் தூசிதான் காரணம். களிம்பு எழுதிக் கொடுத்தேன். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், நான் ஒரு புட்பால் கிளப் ஆரம்பிச்சிருக்கேன்."

வியாதியைச் சொல்கிற அதே குரலில் சொன்னார். மூன்றாம் பிரிவு லீக்காம். சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள், பயிற்சியாளர், பஸ், எல்லாம் தயார். மைதானத்தில் ஒரு டாக்டர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி. எலும்பு டாக்டர் முடியாது என்றுவிட்டார். குழந்தை டாக்டர் ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும் என்றாராம்.

"நான் தோல் டாக்டர்ங்க."

"அவங்களுக்கும் தோல் இருக்கு டாக்டர்."

சிரித்துவிட்டேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார் மனுஷர்.

ஜூன் 12

ஏன் மறுக்கவில்லை? ராத்திரி படுத்தபோதும் இதே கேள்வி.

மகள் வேலைக்கென்று வெளிநாடு போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகிவிட்டன. வீட்டுக்காரர் அணைக்கட்டு வேலையில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வருகிறார். இவருடைய அம்மாவும் நானும் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனக்காரர்கள் மாதிரி இருக்கிறோம். அத்தையும் நானும் சண்டை போடுவதில்லை. சண்டை போடக்கூட ஏதாவது பேச வேண்டுமே.

ஜூலை 3

முதல் பரிசோதனை. மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் ஒரு அறை, ஒரு பெஞ்ச், ஒரு ட்யூப்லைட். ஒருவர் பின் ஒருவராக வந்து முட்டியைக் காட்டினார்கள், தொடையைக் காட்டினார்கள். எனக்கு என்ன தெரியும்? "ஷூவைக் கழட்டுங்க" என்றேன்.

அத்தனை பேருக்கும் சேற்றுப்புண். கோல்கீப்பருக்கு மட்டும் கையிலும்.

கேப்டன்தான் கடைசி. தடுப்பாட்டக்காரர். மொட்டைத் தலை, ஒரு காது கசங்கினாற்போல் இருக்கும். ஆட்டத்தில் முப்பத்து மூன்று வயதென்றால் கிழவன் என்று அவரே சொன்னார். விரலிடுக்கைப் பார்த்துக் களிம்பு கொடுத்தபோது டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்து வருஷமா அரிக்குது டாக்டர். எந்தக் கிளப்புக்குப் போனாலும் முட்டியைத்தான் பாப்பாங்க. இங்க யாரும் பாத்ததே இல்ல."

வீட்டுக்கு வரும்போது பாடிக்கொண்டே வந்தேன் போலிருக்கிறது. "என்ன, பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்றார் அத்தை.

ஆகஸ்ட் 17

முதல் ஆட்டம். ஐந்துக்கு சைபர். சைபர் நாங்கள்.

கிளம்பும்போது அத்தையும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "வீட்ல உக்காந்து செவுத்தைப் பாக்கறதுக்கு அங்க வந்து பந்தைப் பாக்கறேன்."

எங்கள் பக்கம் கூட்டம் என்று சொல்ல முடியாது. கடை ஆட்கள், வீரர்களின் வீட்டார், வேறு போக்கிடமில்லாத சிலர். முதலாளி மெத்தைக் கடைக்காரர் என்று எதிரணிக்காரர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மூன்றாவது கோலுக்குப் பிறகு கூட்டமாகத் தாலாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். "தூங்குங்கடா, மெத்தை போட்டாச்சு!"

அத்தை முகம் சிவந்துவிட்டது. ஆயுள் முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவர். எழுந்து நின்று, வகுப்பறையில் பார்ப்பது மாதிரி அந்தப் பக்கம் பார்த்தார். முன்வரிசையில் நாலு பேர் நிஜமாகவே பாடுவதை நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் 31

சிமென்ட் படி இடுப்பைப் பிடிக்கிறது என்று அத்தை வீட்டிலிருந்து தலையணை எடுத்துவந்தார். தோற்றோம். ஆனால் ஒரு கோல் போட்டோம். கிளப்பின் முதல் கோல்! அத்தை தலையணையை அப்படியே மேலே வீசிவிட்டார். கீழே வரும்போது அது லைன் நடுவரின் முதுகில் விழுந்தது.

நடுவர் எச்சரித்தார். "எறிஞ்சது யாரு?" என்றார். நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, தலையணையைத் தூசி தட்டி அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

அக்டோபர் 5

ஜெயித்தோம்!!

நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். ஜெயித்தோம்.

படிக்கட்டு முழுக்கத் தலையணைகள். அத்தையைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். இப்போது மெத்தைக் கடைக்காரரே வாசலில் சின்னச் சின்னத் தலையணைகளாகக் குவித்து வைத்திருக்கிறார். கடைசி விசில் ஊதியதும் அத்தனையும் மேலே பறந்தன. ஒன்று கிழிந்து, மைதானம் முழுவதும் பஞ்சு. கேப்டன் அதில் மல்லாந்து படுத்துத் தூங்குவதுபோல் நடித்தார். தாலாட்டுப் பாடினவர்களுக்கு இதுதான் பதில்.

அவருக்குப் பஞ்சு ஒவ்வாமை. சாயந்திரமே மாத்திரை கொடுக்க வேண்டியதாயிற்று.

நவம்பர் 22

ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் அத்தை ஸ்பூன்களையும் உப்பு டப்பாவையும் அடுக்கி விளக்கினார். "உப்புதான் கடைசி தடுப்பாட்டக்காரன். அவனைத் தாண்டி நீ முன்கூட்டியே போய் நிக்கக் கூடாது, அவ்வளவுதான். மெடிக்கல் காலேஜ்ல உன்னை எப்படிம்மா பாஸ் பண்ணாங்க?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் போன் அடித்ததே கேட்கவில்லை. இவர்தான். "என்ன, வீட்ல யாராவது விருந்தாளியா?" என்றார்.

மார்ச் 15

சீசன் முடிந்தது. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். கீழே தள்ளப்படாமல் தப்பித்ததற்கே ஊர் பட்டாசு வெடிக்காத குறை.

ஜூன் 30

பயிற்சியாளர் புதிதாக ஒரு இடது பக்க ஆட்டக்காரரைக் கொண்டுவந்திருக்கிறார். பையன் பேசுவதே இல்லை. ஓட்டம் மட்டும் அம்பு மாதிரி. அத்தைக்குப் பிடித்துவிட்டது. "பேசாம வேலை செய்யறவனை இந்தக் காலத்துல எங்க பாக்க முடியுது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கா அது?

டிசம்பர் 20

இரண்டாவது சீசனில் பாதி வந்துவிட்டோம். நாலாவது இடத்தில் இருக்கிறோம்! தையல்காரர் அளவு எடுக்கும்போது கேட்கிறார், பால்காரர் கதவைத் தட்டிக் கேட்கிறார், கிளினிக்கில் தேமலைக் காட்ட வந்தவர் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்கிறார்: "ஞாயித்துக்கிழமை எப்படி டாக்டர்? இடது பக்கப் பையனுக்குக் கால் சரியாயிடுச்சா?"

எனக்கும் இப்போது தொடைத் தசையெல்லாம் அத்துப்படி. ராத்திரி படுக்கையில் விளையாட்டு மருத்துவப் புத்தகம்தான்.

பிப்ரவரி 21

மூன்றாவது இடம். முதல் இரண்டு அணிகள்தான் மேல் பிரிவுக்குப் போகும். அத்தை காலண்டருக்குப் பின்னால் புள்ளிக் கணக்குப் போட்டு ஒட்டியிருக்கிறார்.

மெத்தைக் கடைக்காரர் இன்று மனம்விட்டுப் பேசினார். கிளப்பைத் தனியாகத் தாங்க அவரால் முடியவில்லை. மேல் பிரிவுக்குப் போனால் கூட்டு சேரப் பெரிய கம்பெனி ஒன்று தயாராக இருக்கிறது. போகாவிட்டால் இல்லை. "மேல போகணும் டாக்டர். இல்லேன்னா கதவைச் சாத்திட்டு மெத்தையிலயே படுத்துக்க வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மார்ச் 7

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்றுக்கு சைபர், ஜெயித்தோம். அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம், அதிலும் ஜெயித்தால் மேலே. கோல் போட்டவர் கேப்டன்! இந்தக் கிளப்புக்கு வந்து இரண்டு சீசனில் அவர் போட்ட ஒரே கோல். ஆட்களின் கும்பலுக்குள் எம்பினார், பந்து உள்ளே போனது. அத்தை பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு உயரப் பந்து. கேப்டனும் எதிரணிக்காரரும் தலையோடு தலை. அந்தச் சத்தம் எனக்கு ஓரத்தில் கேட்டது. ஓடினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரத்தம் இல்லை. "ஒண்ணுமில்ல டாக்டர், போங்க." பிறகு சுற்றிலும் பார்த்தார். "நாம எந்தப் பக்கம் அடிக்கிறோம்?"

சொன்னேன். தண்ணீர் குடித்தார். "எந்தப் பக்கம் அடிக்கிறோம்?"

வெளியே எடுத்துவிட்டேன். பயிற்சியாளர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் எல்லோரும் அவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள். சிரித்துக்கொண்டே இருந்தார். இறக்கி விட்டதும் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"எதுக்கு டாக்டர் எல்லாரும் என்னைத் தட்டிக் குடுக்கறாங்க?"

மார்ச் 8

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கல்லூரித் தோழி நரம்பு டாக்டராக இருக்கிறாள், அவளே பார்த்தாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் தலையை ஆட்டினாள்.

"ரத்தம் கசிஞ்சிருந்தா ஸ்கேன்ல தெரியும். மூளை குலுங்கினது அதுல தெரியாதுடி. வெளிச்சத்தைப் பாத்தா கண்ணை மூடறார், பேச்சு ஒரு நொடி தாமதமா வருது. இதுக்கு மேல இன்னொரு அடி விழுந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல மாட்டேன், யாராலயும் சொல்ல முடியாது."

"அடுத்த ஞாயிறு?"

"உன் பேஷண்ட். நீதான் சொல்லணும்."

மார்ச் 10

மெத்தைக் கடைக்காரர் வந்தார். நேராக உள்ளே வராமல் டோக்கன் வாங்கிக்கொண்டு மற்ற நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"ஸ்கேன் நல்லா இருக்குன்னு சொல்றாங்களே டாக்டர்."

விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் தப்பாச் சொல்லல... நீங்க தோல் டாக்டர். தலைக்குள்ள இருக்கறது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் போன பிறகு வந்தவருக்கு மருந்தை மாற்றி எழுதப் பார்த்தேன். நல்லவேளை, கவனித்துவிட்டேன்.

உண்மைதானே? எனக்கு என்ன தெரியும்?

மார்ச் 11

கேப்டன் மனைவியோடு வந்தார். ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னால், முகத்தைத் திருப்பிச் சுவர் பக்கம் உட்கார்ந்தார். ஐந்து வார்த்தை சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னேன். இரண்டு வந்தது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். ஆடினார்.

"ஆட்டத்துல எவன் டாக்டர் ஒத்தைக் கால்ல நிக்கறான்?"

மனைவி சிரிக்கவில்லை. நானும்.

"வேண்டாம்" என்றேன். சொல்லிவிட்டேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

அவர் கெஞ்சவில்லை. "எனக்கு முப்பத்தஞ்சு ஆகப்போகுது. மேல் பிரிவுல ஒரு தடவைகூட ஆடினதில்ல. இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமை எனக்கு மிச்சம் இருக்குன்னு நினைக்கறீங்க?"

கதவைச் சாத்தாமல் போனார். மனைவி திரும்பி வந்து சாத்தினார். போகும்போது ஒரு நொடி என் தோளைத் தொட்டது மாதிரி இருந்தது. இல்லை, எனக்கு அப்படித் தோன்றியதோ.

மார்ச் 12

அத்தை: "ஒரே ஒரு ஆட்டம். ஒரு மாத்திரையைக் குடுத்து விட்டுடக் கூடாதா?"

"கூடாது அத்தை."

அவ்வளவுதான். ராத்திரி அவர் தட்டை அவர் அறைக்கே எடுத்துப் போய்விட்டார். பழைய குடித்தனம் திரும்பி வந்துவிட்டது.

மார்ச் 14

ஒன்றுக்கு ஒன்று. போதாது.

கேப்டன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓர பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடது பக்கப் பையன் கோல் போட்டபோது தலையணைகள் பறந்தன. இரண்டாம் பாதி முழுக்க அப்படியே பிடித்துக்கொண்டிருந்தோம். முடியப் போகிற நேரத்தில் எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து வந்தது. கேப்டன் எப்போதும் நிற்கும் இடத்துக்கே வந்தது. பக்கத்தில் அவர் கழுத்து தானாக முன்னால் வெட்டியது, பந்தை முட்டுவது போல. அங்கே எதிரணிக்காரர் ஒருவர் முட்டி உள்ளே தள்ளினார்.

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

தலையணைகள் படிகளிலேயே கிடந்தன. யாரும் எடுத்துப் போகவில்லை.

மார்ச் 15

கிளினிக்கில் மூன்று பேர்தான் வந்தார்கள்.

மார்ச் 20

இதை எழுதியே ஆக வேண்டும்.

அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக் கடைக்குச் சேர்ந்துதான் போனோம், பேசாமல். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு ஆள், காதில் விழட்டும் என்றே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இவங்கதான் கேப்டனை உக்கார வெச்சவங்க. படை சொறிக்கு மருந்து குடுக்கறவங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்துகொண்டேன். அத்தை திரும்பினார்.

"என்ன சொன்னே? என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

"இல்லீங்கம்மா, நான் பொதுவா..."

"பொதுவா என்ன பொதுவா? என் மருமகளைத் திட்டணும்னா அதுக்கு நான் இருக்கேன். ஒரு வாரமாத் திட்டிட்டுத்தான் இருக்கேன், மனசுக்குள்ள. நீ யாரு நடுவுல? உன் புள்ளை தலைல அடிபட்டு 'எந்தப் பக்கம் அடிக்கறோம்'னு கேட்டா இறக்கி விடுவியா ஆட்டத்துல? சொல்லு. விடுவியா?"

அந்த ஆள் வரிசையை விட்டே போய்விட்டார். மருந்துக் கடைக்காரர் மாத்திரையை இரண்டு கையாலும் நீட்டினார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் அத்தை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே: "நானா இருந்தா ஆட விட்டிருப்பேன். அதான் கோவம். உன் மேல இல்ல."

தெருமுனையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேடு பள்ளமான ரோடு என்று காரணம் சொன்னார். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 9

கிளப் முடிந்தது. பெரிய கம்பெனி வரவில்லை. மெத்தைக் கடைக்காரர் எல்லோரையும் மைதானத்து நடுவில் கூட்டிச் சொன்னார். எழுதி எடுத்து வந்திருந்தார், படிக்க முடியவில்லை. பயிற்சியாளர் வாங்கிப் படித்தார். முதலாளி சம்பளத்தைப் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கொடுத்து அனுப்பிவிட்டார். கூடவே ஆளுக்கொரு மெத்தை. பஸ் ஸ்டாண்டில் கோல்கீப்பர் மெத்தையோடு நின்று கண்டக்டரிடம் வாதாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அழுவதா சிரிப்பதா.

மெத்தைக் கடைக்காரர் என்னிடம் வந்தார். "அன்னிக்கு உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் தோல் டாக்டர்தானேங்க" என்றேன்.

கழுத்தைச் சொறிந்துகொண்டே சிரித்தார். அரிப்பு திரும்ப வந்திருக்கிறது. நாளை வரச் சொல்லியிருக்கிறேன்.

மே 23

கேப்டனும் மனைவியும் வீட்டுக்கே வந்தார்கள். நான் கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று, "எனக்கு உங்க மேல கோவம் போகல டாக்டர். சொல்லிட்டேன்" என்றார்.

"சரி. உள்ள வாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

இன்னும் திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் உட்காருகிறாராம். மனைவிதான் சொன்னார். வெயிலில் நடந்தால் தலைவலி. கேப்டன் பேச்சை மாற்றினார். அத்தையைப் பார்க்கத்தான் வந்தாராம்.

"நான் அந்தக் கோலை எப்படிப் போட்டேன்? யாரைக் கேட்டாலும் 'சூப்பர் கோல்'ங்கறாங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. வீடியோ எடுக்கறவன் அந்த நேரம் டீ குடிக்கப் போயிட்டான். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "வலது மூலைலேர்ந்து பந்து வந்துச்சு. உன்னை ரெண்டு பேர் பிடிச்சிட்டு நிக்கறாங்க. நீ எம்பினே பாரு, அந்த ரெண்டு பேரும் உன் இடுப்பு உசரத்துக்குத்தான் வந்தாங்க. நேரா நெத்தியில வாங்கி, அடிச்சே. கோல்கீப்பர் கையைத் தூக்கறதுக்குள்ள வலை அசையுது."

நானும் அன்று அங்கேதான் இருந்தேன். பந்து அவர் தோளில் பட்டு, எதிரணிக்காரர் முதுகில் பட்டு, உருண்டு உள்ளே போனது. ஆயுள் முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கேப்டன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார். இரண்டாம் தடவை நாலு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

செப்டம்பர் 12

மைதானத்தை டிரைவிங் ஸ்கூலுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கோல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தப் பக்கமாகப் போக மனம் வரவில்லை.

அக்டோபர் 30

இவர் வந்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் அத்தையும் நானும் மாறி மாறிப் பேசுவதை டென்னிஸ் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் கொஞ்சம் இடம் குடுங்க" என்றார்.

ஜனவரி 16

கேப்டன் டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். சொல்லிக்கொடுக்கிற வேலை. வெயிலில் நின்றாலும் இப்போது தலைவலி இல்லையாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐம்பது வயதில் கார் கற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்திருக்கிறேன். மகளிடம் சொன்னேன். "அம்மா, நீயா?" என்று ஐந்து நிமிடம் சிரித்தாள்.

ஜனவரி 19

முதல் பாடம். பாடக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் சொன்னார்: "நான் நிறுத்தினா கோவப்படக் கூடாது டாக்டர். உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சொன்ன பிறகு இரண்டு பேருமே கொஞ்ச நேரம் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாவியைத் திருப்புங்க" என்றார்.

மார்ச் 12

நேற்று லைசென்ஸ் கைக்கு வந்தது. இன்று பாடக் காரிலேயே அத்தையைப் பின் சீட்டில் வைத்து ஊரைச் சுற்றி ஓட்டினேன். பழக்கமில்லாத கை என்று கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஆட்டத்தில் கத்துவது மாதிரியே கத்தினார்: "இடது பக்கம் வருது, இடது பக்கம்! பொறு, பொறு... இப்ப போ!" டாக்டர், நீங்க, வாங்க எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பேருந்து ஒன்று உரசுகிற மாதிரி வந்தபோது அத்தை பின்னாலிருந்து அந்த டிரைவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். சுவரில் இடிக்காமல்.

"வழியெல்லாம் நான் பிரேக்குல கால் வைக்கல, பாத்தீங்களா?" என்றார் கேப்டன்.

நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். வைக்கவே இல்லை. இறங்கி மேலே வரச் சொன்னேன். "டீ போடுங்க, நெத்தி வேர்த்துடுச்சு" என்றபடி செருப்பைக் கழற்றி உள்ளே போனார். அத்தைதான் இறங்கவில்லை. இன்னொரு சுற்று போக வேண்டுமாம்.